பெற்றோல் சேராத கணக்கு

லண்டன் நோர்பரியில் எங்கள் தெருவில் கார் ஓட்டத் தெரிந்த தமிழ்ப் பெண் அந்தக் காலத்தில் நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் சந்திரவதனா அக்கா இருந்தபடியால் அது எனக்குப் பெருமையாக இருக்கவேயில்லை, இரண்டாவது வேலையாகத்தான் இருந்தது. முதல் வேலை ஆஸ்பத்திரிக் குசினியில், சமையல் ஷிப்ட். அதற்காவது கிழமையில் இரண்டு நாள் லீவு உண்டு.

அக்காவின் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா கவுன்சிலில் வேலை பார்த்தார். நாங்கள் ஸ்ரீ அண்ணை என்போம். எண்பத்து நாலில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அக்காவுக்குச் சம்பளம் தருகிற உத்தியோகம் எதுவும் கிடையாது. ஆனால் நோர்பரியிலும் தோர்ன்டன் ஹீத்திலும் எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் அக்காவின் உத்தியோகம் என்னவென்று சொல்வார்கள். விலை பார்ப்பது. "விலை அக்கா" என்றுதான் முதுகுக்குப் பின்னால் பெயர். நேருக்கு நேர் சொன்னாலும் கோபிக்க மாட்டார், அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

இது தொடங்கியது அவர்கள் வந்த முதல் குளிரில். வீட்டில் வெங்காயம் முடிந்துவிட்டது, வெளியே பனி உறைந்து கிடக்கிறது, ஸ்ரீ அண்ணை வேலையில். அக்கா சேலைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய், திரும்பும் வழியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கையில் பிளாஸ்ரர் போட்டபோதுகூட வலிக்கவில்லையாம். அதே வெங்காயம் அடுத்த தெருக் கடையில் பாதி விலை என்று யாரோ சொன்னார்களே, அப்போதுதான் கை உயிர் போக நொந்தது என்பார். அன்றைக்கு அக்கா முடிவெடுத்தார். குளிர்காலத்துக்காக நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புகிற அந்த ஒக்டோபர் ஞாயிற்றுக்கு முன்பு, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறை கூரைவரை நிரம்பிவிட வேண்டும். அரிசி, மா, பருப்பு, எண்ணெய், சீனி, தகரத்தில் அடைத்த ரின்மீன், வெங்காயம். அதுவும் லண்டனின் தென்பக்கத்தில் எங்கே ஆகக் குறைவோ அங்கே வாங்கினதாக இருக்க வேண்டும்.

சுப்பர்மார்க்கெற்றுகளுக்கு அக்கா தன் பாட்டில் பெயர் வைத்திருந்தார். மணிக்கூட்டடிக் கடை, பாலத்தடிக் கடை, கண்ணாடிக் கடை. கடைக்காரன் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிற பெயரில் அக்காவுக்கு அக்கறையில்லை. செப்ரெம்பர் பிறந்தால் சனிக்கிழமை காலை என் கதவில் தட்டு விழும். மூன்று கடைக்கும் போவோம். முதல் சுற்றில் ஒரு சாமானும் வாங்க மாட்டார். பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார், வைப்பார். உருளைக்கிழங்குப் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எது பாரம் கூட என்று பார்ப்பார். இரண்டாவது சுற்றில்தான் பை நிறையும். ஒன்றும் எழுதிக்கொள்வதில்லை. எழுதினால் மறந்துபோகுமாம்.

ஒருமுறை பாலத்தடிக் கடையில் இரண்டு ரின்மீனைச் சேர்த்துக் கட்டி, மலிவு என்று சிவப்பு மட்டை தொங்கவிட்டிருந்தார்கள். தனித்தனியாக இரண்டு வாங்கினால் அதைவிடக் குறைவு. அக்கா மனேஜரைக் கூப்பிடச் சொன்னார். டை கட்டிய உயரமான மனுசன் ஒருவர் வந்தார். அக்கா இரண்டு கையிலும் ரின்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சேம் மீன். சேம் ரின். ரூ பிறைஸ். வை?" என்று கேட்டார். அவர் மட்டையைப் பார்த்தார், ரின்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு மட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த மனேஜர் அதற்குப் பிறகு எங்களைக் கண்டால் பால் பக்கமாக ஒதுங்குவதை நான் பல தடவை கவனித்திருக்கிறேன்.

எது மலிவோ அதுதான் அந்தக் கிழமை கறி. ஒரு மார்கழியில் கோவா, அதுதான் முட்டைக்கோஸ், மலிந்துபோய், ஸ்ரீ அண்ணைக்குக் காலையும் மாலையும் கோவா வறை, கோவாப் பால்கறி, கவுன்சிலுக்குக் கோவா சான்விச். பக்கத்து மேசை வெள்ளைக்காரர் ஜன்னலோரமாக இடம் மாறிப் போய்விட்டார் என்று ஸ்ரீ அண்ணையே சொல்லிச் சிரித்தார். அவர் நல்ல மனுசன். எதைப் போட்டாலும் சாப்பிடுவார்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் பிறகு அக்கா வீட்டு ரெலிபோன் ஓயாது. ஆறு மணிக்குப் பிறகு அழைப்புக்குக் காசு குறைவு, விலை கேட்கிற ஆட்கள் அந்த விலையையும் பார்ப்பார்கள்தானே. அரிசி எங்கே, பருப்பு எங்கே என்று மிச்சம் என்கிற ஊரிலிருந்தும் மனோர் பார்க்கிலிருந்தும் கேட்பார்கள். அக்கா சொன்னால் சனிக்கிழமை அந்தக் கடையில் தமிழ்ச்சனம் நிற்கும்.

எனக்கு ஒரு மனக்குறை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கு எதிலும் என் பெற்றோல் வருவதில்லை. ஒருநாள் சீனி மூன்று பென்ஸ் குறைவென்று குரோய்டனுக்கு அங்கால் எங்கேயோ போய், வழி தவறி, இருட்டின பிறகு வீடு வந்தோம். பெற்றோலையும் சீனி விலையோடு சேர்க்க வேண்டாமா என்று நான் கேட்டேவிட்டேன். அக்கா என்னை வியப்போடு பார்த்து, "கார் உம்மட கார்தானே லூர்து" என்றார். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. எங்கட ஆட்கள் தருவது விலைக்குள் வராது, அவ்வளவுதான். இது அக்காவின் சட்டம் மட்டுமில்லை, எங்கள் சனம் முழுவதற்குமே அதுதான் சட்டம். கோவா வறையில் பாதி என் வீட்டுக்கும் வந்துகொண்டிருந்ததால் நான் மேலே பேசவில்லை. ஆனால் வயிறு எரிந்தது.

தொண்ணூற்றொன்று ஆவணியில் அக்காவின் தம்பி இராஜேந்திரன், எங்களுக்கு ராசன், கடை திறந்தார். எட்டு வருசம் ஒரு பெற்றோல் ஸ்ரேசனில் ராத்திரி ஷிப்ட் நின்று சேர்த்த காசும், சீட்டுக் காசும், மனைவி சிவகௌரியின் தாலிக்கொடி தவிர்ந்த நகையும் அதற்குள் போனது. மிச்சம் பிடிக்கிற அக்காவின் தம்பி மிச்சத்திலேயே கடை போட்டிருக்கிறான் என்று ஸ்ரீ அண்ணை பகிடி விட்டார். வாசலில் தேங்காய் உடைத்தபோது அக்கா அழுதார். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்துப் படிப்பித்தது அக்காதான். அக்கா தன் வாழ்வில் ஒரு கடையைப் பார்த்து விலை கேட்காமல் நின்றதை நான் கண்டது அன்றைக்குத்தான்.

பிறகும் கேட்க முடியவில்லை. அதில்தான் வில்லங்கம் தொடங்கியது. முதல் சனிக்கிழமை அக்கா பை நிறையச் சாமான் எடுத்துக் காசை நீட்டியபோது, ராசன் இரண்டு கையாலும் தள்ளிவிட்டார்.

"அக்காட்டைக் காசு வாங்கிறதெண்டால் நான் கடையைப் பூட்டிப்போட்டுப் போகலாம்."

கடை முழுக்கக் கேட்கத்தான் சொன்னார். அக்காவின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க வேண்டும். காரில் ஏறியதும், "கண்டீரே லூர்து, என்ர தம்பியை" என்றார். எனக்கும் ஒரு கட்டுக் கறிவேப்பிலை சும்மா கிடைத்தது. நானும் ராசனைப் புகழ்ந்தேன்.

ஒக்டோபர் வந்தது. வெள்ளிக்கிழமை ரெலிபோன் அடித்தது. உங்கட தம்பியின் கடையில் அரிசி என்ன விலை என்று கேட்டார்கள். ராசன் கடையில் எந்தச் சாமானிலும் விலை ஒட்டியிருக்கவில்லை. ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் விலை. சொந்தம் என்றால் காசே இல்லை. ஊர் ஆள் என்றால் ஏதோ ஒரு தொகையைச் சொல்லி அதிலும் சில்லறையை விடுவார். அக்காவுக்குத் தன் தம்பியின் கடையில் ஒரு கிலோ பருப்பின் விலை தெரியாது. பார்த்துச் சொல்லுறன் என்று ஒரு கிழமை சமாளித்தார், இரண்டு கிழமை சமாளித்தார். விலை அக்காவே வாய் திறக்கவில்லையென்றால் அங்கே யானை விலையாக்கும் என்று சனம் தானாகவே முடிவு கட்டியது. அக்காவுக்கு இரண்டு பக்கமும் இடி. பொய்யாய் மலிவு என்று சொன்னால் அவர் சொல்லுக்கு இருக்கிற மதிப்புப் போகும். விலை கூட என்று சொன்னால் தம்பியின் கடை போகும்.

என்னை அனுப்பிப் பார்த்தார். ராசன், அக்காவின் சிநேகிதிக்கு என்று எனக்குப் பாதி விலை சொன்னார். பிரயோசனமில்லை. ராசனுக்கு முகம் தெரியாத தமிழ் ஆள் வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் நிர்மலா என்று மதுரைப் பக்கத்து டொக்டர் பிள்ளை ஒன்று இருந்தது, குசினிக்கு வந்து என்னோடு கதைக்கும். அந்தக் கடையில் சாமான் வாங்கி என்ன விலை என்று மட்டும் சொல்லு பிள்ளை என்று கேட்டோம். நிர்மலா போய் ஒரு மூடை அரிசியும் பருப்பும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கே வந்தது.

"ரொம்ப மரியாதையானவருக்கா. ஆனா மத்த கடையைவிட மூணு பவுண் ஜாஸ்தி. இனிமே நான் போக மாட்டேன்" என்றது. பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒண்ணு கேக்கலாமா? எனக்கு முன்னாடி அஞ்சாறு பேர் பை பையா தூக்கிட்டுப் போனாங்க. காசு கொடுத்தது நான் ஒருத்திதான். அங்க ஏதாவது தானம் நடக்குதா?" என்றது.

ஸ்ரீ அண்ணை சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. வெங்காயத்தை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த மூளை ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. சொந்தக்காரர் காசு தருவதில்லை. அந்த நட்டத்தை முகம் தெரியாத ஆள் மேல் ஏற்றுகிறான். அந்த ஆள் இரண்டாம் முறை வருவதில்லை. பிறகு ஆரை வைத்துக் கடை நடக்கிறது?

அக்கா அப்போதே சிவகௌரிக்கு ரெலிபோன் எடுத்தார். ஆறு மணி ஆகவில்லை. கூடின காசு போகிற நேரத்தில் அவர் ரெலிபோன் எடுத்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. சிவகௌரி முதலில் எல்லாம் சுகம் என்றாள். பிறகு அழுதுவிட்டாள். கடை வாடகை இரண்டு மாதம் நிலுவை. அதைக் கட்ட ராசன் பழையபடி பெற்றோல் ஸ்ரேசனுக்குப் போகிறார். கடையைப் பூட்டிவிட்டு அங்கே போய் விடிய வந்து மறுபடி கடையைத் திறக்கிறார். கல்லாவில் இருந்தபடியே நித்திரை தூங்குகிறார். அக்காவுக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். இப்படிப் போனால் டிசம்பர் நத்தாருக்கு முன்பு கடை பூட்டவேண்டியதுதான்.

அக்கா ரிசீவரை வைத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையைத் திறந்தார். அதில் பாதி ராசன் கடைச் சாமான். அந்த வருசம்போல மலிவாக அந்த அறை என்றைக்கும் நிறைந்ததில்லை. அவர் ஒன்றையும் தொடாமல் கதவைச் சாத்தினார்.

மணிக்கூட்டைத் திருப்புவதற்கு முந்தின சனிக்கிழமை. ராசன் கடை நிறையச் சனம், எல்லோரும் குளிருக்குச் சாமான் சேர்க்க வந்த சொந்தங்கள். அக்கா மிச்சச் சாமானை எடுத்துக் கல்லா மேசையில் அடுக்கினார். அரிசி மூடையை நான் தூக்கி வைத்தேன். எங்களுக்குப் பின்னால் செபமாலைமுத்து அண்ணை நின்றார். ராசனின் பக்கத்து ஊர்க்காரர், அந்த ஒரு உறவை வைத்து ஆவணியிலிருந்து பலாக்கொட்டைக்குக்கூடக் காசு கொடுக்காதவர். கையில் நிறைந்த கூடை. ராசனின் கண் சிவந்து வீங்கியிருந்தது. அக்காவைக் கண்டதும் எழும்பி நின்று சாமானைப் பையில் போடத் தொடங்கினார்.

"எவ்வளவு?" என்றார் அக்கா.

"பகிடி விடாதேங்கோ அக்கா. கொண்டு போங்கோ."

"எவ்வளவு எண்டு கேட்டனான்."

ராசன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். ஆட்கள் பார்க்கிறார்கள், பிறகு கதைப்போம் என்று மெல்லச் சொன்னார். அக்கா பையைத் திறந்து சாமானை ஒவ்வொன்றாகத் திரும்பவும் மேசையில் வைத்தார்.

"அக்காட்டைக் காசு வாங்கிறதெண்டால் கடையைப் பூட்டிப்போட்டுப் போகலாம் எண்டு சொன்னனீ. வாங்காட்டியும் பூட்டத்தான் போறாய்." குரல் கொஞ்சம் உடைந்தது. "ராத்திரி முழுக்கப் பெற்றோல் ஸ்ரேசனில நிண்டு நீ உழைக்கிற காசிலயோடா நான் சோறு தின்னுறது?"

ராசன் கீழே பார்த்தபடி நின்றார். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லாவில் கையை வைத்தார்.

"அரிசி பதினேழு, அக்கா."

அதைக் கேட்டதும் அக்காவுக்கு அழுகை எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "பதினேழோ? பாலத்தடியில பதினாலுக்குக் குடுக்கிறான்" என்றார். சனம் கொல்லென்று சிரித்தது. ராசனும் சிரித்துவிட்டார். இருவரும் அங்கேயே பேரம் பேசினார்கள். பதினாலரை என்று முடிந்தது. எல்லோருக்கும் அதுதான், அக்காவுக்கும் அதுதான், மதுரை டொக்டருக்கும் அதுதான் என்று அக்கா கடைக்கே கேட்கச் சொன்னார். காசை எண்ணி வைத்தார். மிச்சக் காசை வாங்கி அதையும் எண்ணினார். ஆனால் போகவில்லை. பக்கத்தில் தள்ளி நின்று அடுத்த ஆளுக்கு இடம் விட்டார்.

அடுத்த ஆள் செபமாலைமுத்து அண்ணை. அவர் கதவைப் பார்த்தார். கதவுக்கும் அவருக்கும் நடுவில் அக்கா நின்றார். அவர் கூடையிலிருந்து பலாக்காய் ரின்னை எடுத்துச் சாமான் தட்டில் திருப்பி வைத்தார். ஒரு போத்தல் ஊறுகாயையும் வைத்தார். பிறகு பேர்ஸை எடுத்தார். அந்தப் பேர்ஸ் அந்தக் கடைக்குள் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. வரிசையில் பின்னால் நின்றவர்களின் கூடைகளும் ஒவ்வொன்றாக இலேசாகத் தொடங்கின.

அன்று பின்னேரம் முழுக்க நாங்கள் வீடு போகவில்லை. பிஸ்கற் பெட்டிகளைக் கிழித்து மட்டையாக்கி அக்கா விலை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று சுப்பர்மார்க்கெற்றுகளிலும் என்ன விலை என்று அவர் நின்ற இடத்தில் நின்றபடியே சொன்னார். ராசன் எதைக் குறைக்க ஏலும், எதைக் குறைக்க ஏலாது என்று சொல்ல, சண்டை பிடித்துப் பிடித்து விலை போட்டார்கள். என் கையெழுத்து நல்லாயில்லை என்று ஆறு மட்டையைத் திரும்ப எழுத வைத்தார். பெற்றோலைப் போலவே அதற்கும் கூலி கிடையாது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ரெலிபோன் அடித்தது. அக்கா கால் மேல் கால் போட்டு இருந்துகொண்டு சொன்னார். அரிசி, பருப்பு, வெங்காயம், கருவாடு எல்லாம் ராசன் கடை. சீனி மட்டும் மணிக்கூட்டடியில் வாங்குங்கோ, என்ர தம்பி நாலு பென்ஸ் கூட வைச்சிருக்கிறான். எட்டு மணியளவில் ராசன் எடுத்து, சொந்த அக்காவே இப்படிச் சொல்லலாமோ என்று கத்தினார். குறை, சொல்லுறன் என்றுவிட்டு அக்கா ரிசீவரை வைத்தார். மறுநாள் சீனி நாலு பென்ஸ் குறைந்தது. சொந்தக்காரர் சிலர் கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் வராமல் விட்டார்கள். அவர்கள் வராததால் கடைக்கு லாபம்தான்.

தைப்பொங்கலுக்கு ராசன் ராத்திரி வேலையை விட்டார். அக்கா நேர்த்தி வைத்திருந்தார் போலிருக்கிறது, மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். லண்டனின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. வேறு யார் ஓட்டுவது? நான்தான். கோயிலுக்கு வெளியே நான் காரில் இருந்தேன், எங்கள் மாதாவிடம் பொறுமை கேட்டுக்கொண்டு. அக்கா திருநீறும் பொங்கலுமாகத் திரும்பி வந்து ஏறினார். கதவைச் சாத்திவிட்டுக் கைப்பையைத் திறந்து மூன்று பவுண் எடுத்து நீட்டினார்.

"என்னக்கா இது?"

"பெற்றோல்."

ஏழு வருசம் இதற்காகத்தான் வயிறு எரிந்திருக்கிறேன். குரோய்டன் சீனி நாளிலிருந்து மனதுக்குள் எத்தனை தடவை சண்டை பிடித்திருப்பேன். ஆனால் காசைக் கண்டதும் என் இரண்டு கையும் தாமாக எழும்பி அதைத் தள்ளின. "என்ன கதை கதைக்கிறீங்கள் அக்கா? உங்களிட்டைப் போய்ப் பெற்றோல் காசு வாங்கிறதோ?" என்று என் வாய் சொன்னது. காருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அக்கா கையை எடுக்கவில்லை. என்னை நன்றாக ஒருமுறை பார்த்தார்.

"ஏன், நீரும் கடை போடப்போறீரோ?"

நான் காசை வாங்கிப் பொக்கற்றுக்குள் வைத்தேன். கண் கலங்கியதை மறைக்கச் சாவியைத் திருப்பினேன். கார் புறப்படத் தயாராகியும் அக்காவின் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. எதற்கென்று கேட்டேன்.

"இஞ்ச வந்து போக ரெண்டரைப் பவுணுக்கு மேல போகாது லூர்து" என்றார். "மிச்சத்தைத் தாரும்."